தறிக்காரியின் ரீப்ளே

எல்லப்பாளையம் மேட்டுத்தெருவில் கரண்ட் இல்லாமல் தறி ஓடிய முதல் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை. மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரைக்கும் மின்சாரத்தை நிறுத்தியிருந்தார்கள். மூன்று பட்டறைகளிலும் அறுபத்தெட்டு விசைத்தறிகளும் அடித்துப் போட்ட மாதிரி கிடக்க, ஆட்கள் பட்டறை வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டும் செல்போனைத் தேய்த்துக்கொண்டும் இருக்க, நடுப்பட்டறையோடு ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டிருந்த வீட்டில் மங்கையர்க்கரசி லேப்டாப்பைத் திறந்து, போன மாதம் தான் ஆடிய துப்பாக்கி ஆட்டத்தின் ரீப்ளேயை ஓட விட்டாள். அது ஓடியதும் தறிகளும் ஓடின. அறுபத்தெட்டும் ஓடின. ஏன் ஓடின, எப்படி ஓடின என்று கேட்டவர்கள் தெருவில் அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அன்றைக்கு முதலில் எழுந்த குரல், "அட, தார் தீரப்போகுது, ஓடியாங்கடி!" என்று தறி ஓட்டுகிற பழனியாத்தா போட்ட சத்தம்தான். குறுக்கே ஓடும் ஊடை நூல் சுற்றிய தார் தீர்ந்தால் அதைச் சுமந்து பாய்கிற நாடா வெறுமனே ஓடும், துணி பாழாகும், அது மட்டும்தான் அந்த நேரத்தில் அவர்களுக்குப் பெரிய விஷயமாக இருந்தது.

தார் மாற்றி முடித்த பிறகுதான் பழனியாத்தா அண்ணாந்து பார்த்து, "ஏனுங், ஃபேனு ஓடலீங்களே" என்றாள். "தறிதானே ஓடோணும், ஃபேனு எதுக்கு" என்றார் மூன்று பட்டறைக்கும் தறி பழுதுபார்க்கிற பிட்டராக இருந்த குழந்தைவேல், ஸ்பேனரை இடுப்பில் செருகிக்கொண்டே. பேச்சு அத்தோடு முடிந்தது.

மங்கையர்க்கரசியை எல்லாரும் அரசி என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தேழு வயது. காலையில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைக்கிற வேலை. பழைய பாவின் கடைசி இழையோடு புதுப் பாவின் முதல் இழையைச் சேர்த்து முறுக்கி, மூவாயிரம் இழையையும் ஒன்றுகூட மாறாமல் பிணைத்துவிட்டு, இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு, காதில் ஹெட்போனை மாட்டினால் ஆறு மணி வரைக்கும் அவள் வேறு ஆள். ஐந்து பேருக்கு ஐந்து பேர் ஆன்லைனில் மோதுகிற ஆட்டம் அது. சந்தும் சுவரும் மாடிப்படியுமாக ஒரு கற்பனை ஊர், அதில் ஒளிந்து, பதுங்கி, சுட்டு, செத்து, அடுத்த ரவுண்டில் எழுந்து மறுபடி சுட வேண்டும். அதில் அவள் வைத்துக்கொண்ட பெயர் தறிக்காரி. சென்னைக்காரனும் ஐதராபாத்காரனும் அந்தப் பெயரைக் கடித்துத் துப்பினார்கள், ஆனால் மறக்கவில்லை, ஏனென்றால் சுவருக்கு அந்தப்பக்கம் எவன் வருகிறான் என்பது தறிக்காரிக்கு முன்கூட்டியே தெரிந்தது. அவன் மூலை திரும்புவதற்குள் இவள் துப்பாக்கியை அந்த மூலைக்குத் திருப்பிவைத்துக் காத்திருப்பாள். அவன் வருவான், சாவான். இவ்வளவுக்கும் அவள் வீட்டுச் சுவருக்கு மறுபக்கம் இருபத்துநான்கு தறிகள் தடதடவென்று இடித்துக்கொண்டிருக்கும், பேசினால் பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது.

அந்த ஆட்டம் ஒவ்வொரு மேட்ச்சையும் தானே பதிந்து வைத்துக்கொள்ளும். சினிமா மாதிரி படமாக அல்ல. பத்துப் பேரும் எடுத்துவைத்த ஒவ்வொரு அடியையும், சுட்ட ஒவ்வொரு குண்டையும் அது எழுதிவைக்கும். அதனால் ரீப்ளேயை யாருடைய கண் வழியாகவும் பார்க்கலாம், மெதுவாக ஓட்டலாம், நிறுத்தலாம், பின்னால் ஓட்டலாம்.

அந்த ரீப்ளேதான் வினையாகவும் வந்தது. மாநிலப் போட்டியின் அரையிறுதியில் தறிக்காரியின் அணி ஜெயித்த மறுநாளே, தோற்றவர்கள் ரீப்ளேயை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்து, இவள் சுவரைத் தாண்டிப் பார்க்கிற கள்ள மென்பொருள் வைத்திருக்கிறாள் என்று புகார் கொடுத்தார்கள். போட்டி நடத்துகிறவர்கள் அவளை நிறுத்திவைத்து, பதினேழு இடங்களைக் குறித்து அனுப்பினார்கள். பதினேழுக்கும் ஒரே கேள்வி: இங்கே எதிராளி வருவது உங்களுக்கு எப்படித் தெரிந்தது? சரியான பதில் இல்லையென்றால் ஆயுசுக்கும் தடை, தறிக்காரி என்ற பெயர் ஏமாற்றுக்காரர் பட்டியலில் ஏறும். அவளோடு ஆடிய நான்கு பேரும், கோயமுத்தூர்க்காரர் இரண்டு, சேலத்துக்காரர் இரண்டு, வாட்ஸாப் குழுவிலிருந்து ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். ஒருவன் மட்டும் போகிறபோது 'சாரி' என்று போட்டுவிட்டுப் போனான்.

"என்ற புள்ள களவாணியா?" என்று அவள் அம்மா சம்பூரணம் மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். ஆட்டம் என்றால் என்னவென்று சம்பூரணத்துக்குத் தெரியாது. அதில் வருகிற அத்தனை பேரையும் தடியன் என்றுதான் சொல்வாள், தன் மகள் உட்பட. ஆனால் திருட்டுப் பட்டம் என்றால் என்னவென்று தெரியும். அரசிக்கும் அதுதான் வலித்தது. தோற்றிருந்தால் தாங்கியிருப்பாள், பெயர் கெட்டதைத் தாங்க முடியவில்லை. அந்தப் பதினேழு இடங்களைப் பார்த்துப் பதில் எழுதத்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் லேப்டாப்பைத் திறந்தது.

மேட்ச் நடந்த அன்று தறிகள் எப்படி ஓடினவோ அச்சு அசலாக அப்படியேதான் ரீப்ளேயின்போதும் ஓடின. முப்பத்தெட்டு நிமிஷம். இருபத்துமூன்றாவது நிமிஷத்தில் பதினாலாம் நம்பர் தறியில் இழை அறும்; அன்றைக்கு அறுந்தது, அதனால் என்றைக்கு ஓட்டினாலும் அறும். இரண்டாம் தடவை ஓட்டியபோதே பழனியாத்தா அங்கே முன்கூட்டி விரலை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு தறியில் ஒரு லுங்கி நீளத்துக்குத் துணி விழுந்தது. அது ஷிப்டில் நெய்த துணி இல்லை, கரண்டில் நெய்த துணியும் இல்லை, ஆகவே அதை விற்கக்கூடாது என்று கூடிப் பேசாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஆட்டத்துணி என்று பெயர் வந்தது. கல்யாண வீட்டுக்கு ஆட்டத்துணி போயிற்று, மாரியம்மன் கோயில் கொடிக்குப் போயிற்று, மீட்டர் பார்க்க வந்த மின்வாரியக்காரருக்கு ஒரு ஜோடி லுங்கியாகப் போயிற்று. அவர் மீட்டர் முன்னால் அரை மணி நேரம் நின்று பார்த்தார். தறி ஓடியது, மீட்டர் ஓடவில்லை. "இதுல நான் எழுதறதுக்கு ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டு, லுங்கியை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஒரு நாள் குழந்தைவேல் தெரியாத்தனமாக ஏதோ பொத்தானை அமுக்க, ரீப்ளே பின்னால் ஓடியது. தறிகளும் பின்னால் ஓடின. நெய்த துணி பிரிந்து, ஊடை நூல் நாடாவுக்குள் திரும்பி, காலியாயிருந்த தாரெல்லாம் நிறைந்து நின்றது. தான் வருஷக்கணக்காக நிற்கிற ஒன்பதாம் நம்பர் தறியிலிருந்து சம்பூரணம் எட்டிப் பார்த்து, "கண்ணு, இன்னுங் கொஞ்சம் பின்னால ஓட்டு, இங்க ஒரு எழை தப்பா போயிருக்குது" என்றாள். அன்று முதல் தப்பு நெய்தவர்களெல்லாம் அரசியின் ஜன்னலில் வந்து நின்றார்கள், ரேஷன் கடை வரிசை தோற்றது.

நடுப்பட்டறையில் பார்க்க வசதியாகக் குழந்தைவேல் ஒரு பெரிய டிவியைக் கொண்டுவந்து மாட்டி, அரசியின் வீட்டிலிருந்து ஒயர் இழுத்துக் கரண்ட் கொடுத்தார். கோயில் நோம்பித் திருவிழாவுக்குக் கட்டுகிற ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டையும் அதற்கு இடமும் வலமுமாக வைத்தார். தார் மாற்றிக்கொண்டே பெண்கள் ஆட்டம் பார்த்தார்கள், பார்க்கப் பார்க்க எதிரணிக்காரர்களைத் தாயாதிகள்போலத் தெரிந்துகொண்டார்கள். "இந்தத் தடியன் எத்தனை வாட்டி செத்தாலும் அதே மூலைக்குத்தான் வாரான், புத்தியே வராது" என்று திட்டினார்கள். அரசி சுடும்போது அறுபத்தெட்டுத் தறிச் சத்தத்தையும் மீறி ஒரு கூச்சல் கிளம்பும். தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்தார்கள். அதில் அரசி பட்டுச்சேலை கட்டி, கையில் துப்பாக்கியோடு, பின்னால் தறி ஓட நின்றாள். 'மேட்டுத்தெருவின் மானம்' என்று கீழே எழுதியிருந்தது. அரசிக்கு அதைப் பார்க்க வெட்கமாகவும் இருந்தது, சும்மாவாவது அந்த வழியாக ஒரு நடை போய்வரத் தோன்றவும் செய்தது.

பதினேழு கேள்விக்கும் அவள் ஒரே வார்த்தைதான் எழுதி அனுப்பியிருந்தாள்: கேட்டது. காதில் கேட்டதென்பது பதிலாகாது என்று சொல்லி, போட்டி நடத்துகிறவர்கள் நேரில் சோதிக்கச் சென்னையிலிருந்து ஜோயல் என்ற நடுவரை அனுப்பினார்கள். ஜோயல் முப்பது வயது மனிதன், கெட்டவனில்லை, ஆனால் கையில் விதிப்புத்தகம் இருந்தது. தன்னுடைய லேப்டாப், தன்னுடைய ஹெட்போன், தன்னுடைய இணையம், அதில் அரசி முன்பின் தெரியாத ஆட்களோடு பத்து ரவுண்டு ஆட வேண்டும், அவன் பின்னால் உட்கார்ந்து பார்ப்பான்.

அவன் வருகிற தேதி தெரிந்ததும் மேட்டுத்தெரு செய்த காரியத்தை மேட்டுத்தெருதான் செய்யும். அந்தத் தெருவில் சாவுக்கும் தேருக்கும் தவிரத் தறியை நிறுத்தமாட்டார்கள். அன்றைக்கு அரசிக்காக நிறுத்தினார்கள். மூன்று பட்டறையிலும் மெயின் சுவிட்சை இறக்கி, குழாயடியில் குடம் உரசாமல், குக்கர் விசில் அடிக்காமல், இருமல் வந்தவர்களைப் பக்கத்துத் தெருவுக்கு அனுப்பி, பட்டறை ஆட்கள் நாற்பத்தொரு பேரும் அவள் வீட்டு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். நம்ம புள்ளைக்கு நாம இதைக்கூடச் செய்யாட்டி எப்படி என்ற பெருமை ஒவ்வொரு முகத்திலும் இருந்தது.

அரசி ஹெட்போனை மாட்டினாள். பிறந்ததிலிருந்து அவள் அப்படியொரு அமைதியைக் கேட்டதில்லை. தன் எச்சில் இறங்குவது கேட்டது, ஜோயலின் கைக்கடிகாரம் கேட்டது, கூரைமேல் காக்காய் நடப்பது கேட்டது. எல்லாம் கேட்டதில், கேட்கவேண்டியது எது என்று காதுக்குப் பிடிபடவில்லை. முதல் ரவுண்டில் முதுகில் சுடப்பட்டுச் செத்தாள். இரண்டாவதில் பக்கவாட்டில். பத்து ரவுண்டில் ஒன்பது தடவை செத்தாள், ஒரு தடவை எதிராளி தானே தடுக்கி விழுந்து செத்ததில் பிழைத்தாள்.

ஜோயல் வருத்தத்தோடுதான் லேப்டாப்பை மூடினான். "சொந்த மெஷின்ல அப்படி ஆடுறீங்க, என் மெஷின்ல ஒண்ணும் தெரியல. நான் என்னன்னு எழுதட்டும்?"

"தறி ஓடியிருந்தா கேட்டிருக்குங்க" என்றாள் அரசி. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இரைச்சல்ல எப்படிங்க நல்லா கேக்கும்?"

வாசலில் இருந்த பழனியாத்தாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. "ஏனுங் தம்பி, இருவத்திநாலு தறி ஓடறப்போ எந்தத் தறியில எழை அறுந்துதுன்னு திரும்பிப் பாக்காம நாங்க சொல்லுவோம். ஓடற சத்தம் ஓடிக்கிட்டே இருந்தா, அதுல சேராத சத்தம் தனியா வந்து நிக்கும். இது என்ன பெரிய வித்தைங்களா? நாங்க நிறுத்தினதுதான் தப்பாப் போச்சு. எங்க கையால புள்ள கண்ணைக் கட்டிப்போட்டோம்."

"சரி, தறியைப் போட்டுட்டு இன்னொரு வாட்டி ஆடட்டுமே" என்றார் குழந்தைவேல்.

"நேர்ச் சோதனை ஒரு தடவைதான். விதி. இனி ரீப்ளே மட்டும்தான் நான் பாக்கலாம்."

அப்போது சம்பூரணம், மகள் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல், யாரிடமென்றில்லாமல் சொன்னாள்: "அந்தப் பதினேழு எடத்துலயும் தடியனுங்க நடந்து வாரது எனக்கே கேக்குதே. இதுல என்னத்தை மறைஞ்சு பாக்க வேண்டிக் கெடக்குது?"

ஜோயல் நிமிர்ந்தான். "உங்களுக்குக் கேக்குதா?"

"எங்க எல்லாருக்குமே கேக்குமுங்க."

"அதை நீங்க நூறு தடவை பாத்து மனப்பாடம் பண்ணியிருப்பீங்க" என்றவன், அரசியின் லேப்டாப்பை வாங்கினான். அதில் முந்நூற்றுப் பன்னிரண்டு மேட்ச்சுகள் பதிவாகிக் கிடந்தன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டான். போன ஆடி மாசத்து மேட்ச் ஒன்று, அரசியைத் தவிரத் தெருவில் ஒருவரும் பார்த்திராதது. அதை அரசியின் கண் வழியாக ஓட்டுவதென்றும், டிவியைப் பார்க்காமல் எல்லாரும் சுவரைப் பார்த்து நிற்பதென்றும், காலடி கேட்டால் கேட்ட பக்கத்துக் கையைத் தூக்குவதென்றும், அரசி வாயைத் திறக்காமல் அவன் பக்கத்தில் உட்காருவதென்றும் முடிவாயிற்று. குழந்தைவேல் ஸ்பீக்கர் பெட்டிகளை அதற்குத் தக்கபடி இடம் வலம் மாற்றி வைக்க, நாற்பத்தொரு பேரும் நடுப்பட்டறைக்குள் போய்த் தறிகளுக்கு நடுவே டிவிக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.

ஜோயல் ரீப்ளேயை ஓட விட்டான். தறிகள் ஓடின. அவன் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து, இறங்கிக் கிடந்த மெயின் சுவிட்சைப் பார்த்தான், ஓடுகிற நாடாவைப் பார்த்தான், மறுபடி சுவிட்சைப் பார்த்தான். "அது ஓடுமுங்க, நீங்க ஆட்டத்தைப் பாருங்க" என்று அவன் காதுக்குள் கத்திவிட்டுத் தன் இடத்துக்கு ஓடினார் குழந்தைவேல்.

முதல் காலடிக்கு ஏழெட்டுக் கைகள்தான் எழுந்தன. இரண்டாவதற்கு இருபது. மூன்றாவதில், தடதடவென்று பட்டறையே அதிர்ந்துகொண்டிருக்க, ஜோயலின் காதுக்குத் தறிச் சத்தத்தைத் தவிர ஒன்றுமே எட்டாதிருக்க, நாற்பத்தொரு இடக்கைகளும், ஊடை நூல் வெட்டித் தழும்பேறிய கைகள், கிரீஸ் ஊறிய கைகள், கண்ணாடி வளையல் போட்ட கைகள், ஒன்றுபோல மேலே போயின. டிவியில் இடப்பக்கச் சுவருக்குப் பின்னாலிருந்து ஒருவன் வெளியே வந்து செத்தான். அடுத்ததற்கு வலக்கைகள். வலப்பக்கத்தில் ஒருவன் வந்தான், செத்தான். ஜோயல் எண்ணிக்கொண்டே வந்தான். பதினொரு பேர் வந்தார்கள், பதினொன்றும் சரி. இத்தனை நாளும் அந்தக் காது தன் ஒருத்தியுடையது என்று அரசி ரகசியமாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தாள். அது இத்தனை முதுகுகளுக்கும் சொந்தம் என்று பார்த்தபோது முதலில் எதையோ பறிகொடுத்த மாதிரி இருந்தது, அடுத்த கணமே நெஞ்சு கொள்ளாமல் போயிற்று.

முப்பதாவது நிமிஷத்தில் ஒரே ஒரு கை எழுந்தது. வலக்கை. சம்பூரணத்தினுடையது.

டிவியில் வலப்பக்கம் காலியான படிக்கட்டு. யாரும் வரவில்லை. அரசிக்கு அந்த இடம் நினைவிருந்தது. அன்றைக்கு அவள் எதையும் கேட்கவில்லை, திரும்பாமல் நேராகப் போனாள். அம்மாவின் கை இறங்கவில்லை.

ஜோயல் ரீப்ளேயை நிறுத்தினான். தறிகள் நின்றன. "அம்மா, அங்க யாரும் இல்லையே."

"இருக்கறானுங்க" என்றாள் சம்பூரணம், திரும்பாமலே. "ரெண்டு எட்டு வெச்சான். பயந்துக்கிட்டு அப்புடியே நின்னுட்டான்."

ஜோயல் பார்வையை மாற்றினான். எதிரணி ஐந்து பேரின் கண் வழியாகவும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தான். நான்காவது ஆளின் கண்ணில், படிக்கட்டுக்கு மேலே, தூணுக்குப் பின்னால், தறிக்காரியின் முதுகு தெரிந்தது. அவன் இரண்டு அடி எடுத்துவைத்து, துப்பாக்கியைத் தூக்கி, தறிக்காரி என்ற பெயரைப் பார்த்ததும் சுடத் தைரியம் வராமல் நின்று, அவள் போகிறவரைக்கும் அசையாமல் இருந்துவிட்டு, வந்த வழியே நழுவியிருந்தான்.

"அம்மா, இது எனக்கே கேக்கலயே!" என்று விதியை மறந்து அரசி கத்திவிட்டாள்.

"நீ பாவு பிணைக்கறவ. தறியில நின்னாத்தான் முழுக்காது வரும்" என்று சொல்லிவிட்டுச் சம்பூரணம் கையை இறக்கினாள். பட்டறை முழுக்கச் சிரித்தது. அரசி போய் அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எல்லார் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதாள்.

ஜோயல் வெளியே போய்ச் சென்னைக்கு ரொம்ப நேரம் போனில் பேசினான். கள்ள மென்பொருள் எதுவும் இல்லை என்றான், காதால் கேட்டுத்தான் ஆடியிருக்கிறாள் என்றான், சாட்சி நாற்பத்தொரு பேர் என்றான். தறிகள் தானாக ஓடியதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அவனுடைய படிவத்தில் இடமில்லை. தடை அன்று மாலையே விலகியது. விலகிய அரை மணியில் வாட்ஸாப்பில் அந்த நான்கு பேரும், சாரி போட்டவன் முதல் ஆளாக, எப்போது பயிற்சி என்று கேட்டிருந்தார்கள். அரசி படித்தாள், பதில் போடவில்லை.

"இறுதிப் போட்டிக்கு அஞ்சு பேர் வேணும். இன்னிக்கே பேர் கொடுக்கணும்" என்று ஜோயல் லேப்டாப்பில் படிவத்தைத் திறந்தான்.

அரசி சொல்லச் சொல்ல எழுதினான். மங்கையர்க்கரசி. பழனியாத்தா. குழந்தைவேல். ஒன்றாம் பட்டறை மைனாவதி. ஐந்தாவது பெயருக்கு அவள் அம்மாவின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள்.

"ஐயோ, எனக்கு அந்தத் துப்பாக்கியை எப்புடிப் புடிக்கோணும்னு தெரியாது கண்ணு."

"அதை நான் பாத்துக்கறேன். நீ எங்கன்னு மட்டும் சொல்லு."

ஜோயல் பெயரைப் போட்டான். வயது ஐம்பத்துமூன்று என்று போட்டான். அடுத்த கட்டத்தில் கை நின்றது. "அம்மா, அனுபவம் எத்தனை வருஷம்னு கேக்குது. இதுக்கு முன்னாடி ஆடினதே இல்லைன்னா பூஜ்யம்னு போடணும்."

சம்பூரணம் சேலைத் தலைப்பில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள்.

"முப்பத்தொரு வருசமுன்னு போடுங்க" என்றாள்.

ஜோயல் அப்படியே போட்டான்.